கச்சான் மணந்த சட்டை

செய்தியின் முதல் வரியிலேயே சங்கதியைச் சொல்லிவிட வேண்டும் என்று பத்திரிகை மேசையில் பழகியவன் நான். ஆகவே சொல்லிவிடுகிறேன். நான் விதை போட்டு முளைக்கவைத்த ஓர் ஆபிரிக்கச் செடி, சென்ற நோன்பு மாதத்தில், என் மனைவியின் ராத்தாவுடைய, அதாவது அக்காவுடைய, கணவரைக் கள்ள நோன்பாளி ஆக்கியது. ஆறு நாட்கள் அவர் பொழுது சாய்ந்ததும் தம் வீட்டில் நோன்பு துறக்கவில்லை. எங்கள் வீட்டு முன் விறாந்தையில் இருந்து துறந்தார். இனி விவரம்.

விதை கிடைத்தது பண்டாரவளைக்கு அப்பால். கொழும்பிலிருந்து ஊருக்கு வந்த பஸ், தேயிலைத் தோட்டமொன்றின் ஓரத்தில் டயர் காற்றுப்போய் நின்றது. முக்கால் மணி நேரம். பார்ப்பதற்கு வேறொன்றும் இல்லாததால் தெருவோரப் பற்றையைப் பார்த்தேன். ஆளுயரத்துக்கு மேலான செடிகள். ஒவ்வொரு கொப்பின் நுனியிலும் நிமிர்ந்து நிற்கும் மஞ்சள் பூங்கொத்து. கொத்தின் உச்சியில் விரியாத மொட்டுகள் மட்டும் கறுப்பு. தீக்குச்சியை எரித்து அணைத்துவிட்டு அதன் உடம்பெல்லாம் மஞ்சள் பூசினால் எப்படியிருக்கும், அப்படி. காய்ந்த காய்கள் தட்டையாகத் தொங்கின. இரண்டைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து அதைப் பற்றிய குறிப்பொன்றைத் தேடிப் படித்தேன். அவரைக் குடும்பம். நம்மூர் ஆவரசுக்கு உறவு. சொந்த இடம் ஆபிரிக்கா. தேயிலைத் தோட்டங்களுக்குப் பசுந்தாள் உரமாக, பசளைக்காகக் கொண்டுவரப்பட்டது. விதையின் தோல் கடினம், வெந்நீரில் ஊறவைக்க வேண்டும். இவ்வளவும் படித்தேன். கடைசிப் பந்தியைப் படிக்கவில்லை. இடம் போதாவிட்டால் செய்தியில் நாங்கள் வெட்டுவது கடைசிப் பந்தியைத்தான். இருபது வருடம் வெட்டிப் பழகிய கண், அந்த இடம் வந்ததும் தானாக நின்றுவிடும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். கொரோனா வந்துபோனதிலிருந்து எனக்கு மணம் தெரியாது. சந்தனக்குச்சியும் கருவாடும் எனக்கு ஒன்றுதான். கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை.

எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்ணுக்கு. கல்யாணம் முடித்த ஆண்தான் மனைவி வீட்டுக்கு வந்து குடியேறுவான். வந்து இருபத்திரண்டு வருடமாகியும், ஒரு செடி வைப்பதென்றால் நான் அனுமதி கேட்க வேண்டும்.

"கிணத்தடியில வைக்கட்டா?" என்று கேட்டேன்.

"அங்க என்ட கறிவேப்பிலை இரிக்கி" என்றாள் மனைவி.

"கடப்படியில?"

"வாற போற சனம் என்ன நினைக்கும்? பத்தை வளர்க்கிறாக எண்டா? பின்னால, ராத்தாட வேலிப் பக்கம் வைங்க. அங்க ஒண்டும் முளைக்கிறல்ல."

மாமனார் இரண்டு மகள்மாருக்கும் அடுத்தடுத்த வளவுகளைக் கொடுத்திருந்தார். எங்கள் வீடு கடலைப் பார்த்த வீடு. எங்கள் குசினிக்குப் பின்னால் வேலி, வேலிக்கு அப்பால் ராத்தாவின் குசினி. வேலியில் ஓராள் போகுமளவுக்கு ஓர் இடைவெளி. தேங்காய், தேயிலைத்தூள், கோபம், சமாதானம் எல்லாம் அந்த வழியாகத்தான் போகும் வரும்.

இரண்டு காயிலும் இருபத்து மூன்று விதைகள். தேநீருக்குக் கொதித்த தண்ணீரை ஊற்றி ஓரிரவு வைத்தேன். பதினான்கு உப்பின. தயிர் வாங்கிய மண்சட்டிகளில் ஆணியால் ஓட்டை போட்டு, மணலும் எருவும் கலந்து விதைத்தேன். ஒன்பதாம் நாள் காலையில், கூன் விழுந்த ஒரு பச்சை நூல் மண்ணைத் தலையால் முட்டிக்கொண்டு நின்றது. தேர்தல் முடிவு வந்த இரவுகளில்கூட நான் அப்படிக் கத்தியதில்லை. பாடசாலைக்குச் சேலை கட்டிக்கொண்டிருந்த மனைவி, பாம்பு என்று நினைத்து அரைக் கட்டோடு ஓடிவந்தாள். சட்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"எங்கட புள்ளைகள் பிறக்கக்குள்ள ஆஸ்பத்திரி வாசல்ல இருந்து பேப்பர் படிச்ச மனிசன்" என்றாள்.

ஒன்பது முளைத்தன. ஐந்தை ஆடு தின்றது. இரண்டு கடல்காற்றில் கருகின. ஒன்று காரணம் சொல்லாமல் செத்தது. மிஞ்சிய ஒன்றை வேலி இடைவெளியின் ஓரமாக வைத்தேன். மாரி மழை முடிவதற்குள் அது என் உயரத்தைத் தாண்டிவிட்டது. மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள் கூட்டம் கூட்டமாக வந்தன. கருவண்டுகள் பூவைப் பிடித்துக்கொண்டு மோட்டார் மாதிரி இரைந்தன. நான் காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம் போய்த் தூரத்தில் நின்று பார்ப்பேன். கொப்புகள் இடைவெளியின் குறுக்கே வளர்ந்திருந்தன. அந்த வழியால் போகிறவர் தோளால் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். கொப்பு வெட்ட எனக்கு மனம் வரவில்லை. எல்லாம் அதனால் வந்தது.

இனி ராத்தாவின் கணவர். என்னிலும் மூத்தவர், நான் காக்கா என்று கூப்பிடுவேன். கல்முனைக் கடைத்தெருவில் சாறன், அதாவது கைலி, விற்கும் கடை. நல்ல மனிதர், ஒரேயொரு பலவீனம்: வறுத்த கச்சான், அதாவது நிலக்கடலை. சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு கடதாசிச் சுருள் இருக்கும். நான் எழுதிய எதையும் அவர் படித்ததில்லை. அதில் சுற்றிய கச்சானை வருடக்கணக்காகத் தின்றிருக்கிறார். முந்திய வருடம் பத்தொன்பதாம் நோன்பன்று, துவைக்கப் போட்ட அவருடைய சட்டைப் பையில் ராத்தா கச்சானின் சிவப்புத் தோலைக் கண்டுபிடித்தார். அந்தச் சம்பவம் குடும்பத்தில் பெருநாள் வரைக்கும் ஓடியது.

இந்த வருடம் கதை வேறு. அவர்களுடைய ஒரே மகளுக்கு, கல்யாணமாகி எட்டு வருடம் கழித்து, நோன்புக்குப் பதின்மூன்று நாள் முந்தி ஒரு பெண் குழந்தை பிறந்தது. மகள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது காக்கா நேர்ந்திருந்தார்: தாயும் பிள்ளையும் சுகமாக வீடு வந்தால் இந்த முறை முப்பது நோன்பையும் ஒன்றுகூடத் தவறாமல் பிடிப்பேன். கடமையான நோன்புக்கு எதற்கு நேர்ச்சை என்று பள்ளி மௌலவி கேட்பார் என்பதால் அவரிடம் சொல்லவில்லை. ராத்தாவிடம் சொல்லியிருந்தார். ராத்தா அதைக் கல்லில் வெட்டிய மாதிரி மனதில் வைத்திருந்தார். பிள்ளை தும்மினாலும் கணவரின் நோன்பை எண்ணிப் பார்க்கிற நிலைமை.

எங்கள் ஊரில் பின்னேர அஸர் தொழுகை முடிந்ததும் பள்ளியில் நோன்புக் கஞ்சி கொடுப்பார்கள். வாளி கொண்டுபோய் வாங்கி வருவது காக்காவின் வேலை. பள்ளியிலிருந்து வருகிறவருக்கு எங்கள் வாசல் கடப்பால் புகுந்து, வேலி இடைவெளியால் தம் குசினிக்குப் போவதுதான் கிட்டிய வழி. முதல் பத்து நோன்பும் அங்கே மழைத்தண்ணீர் தேங்கி நின்றதால் அவர் தெருவால் சுற்றிப் போனார். பதினோராம் நாள் தண்ணீர் வற்றியது.

பன்னிரண்டாம் நாள் ராத்தா கஞ்சி வாளியை வாங்கும்போது கணவருடைய தோளருகே ஒரு கணம் நின்றுவிட்டார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு வாளியோடு உள்ளே போனார். பதின்மூன்றாம் நாள் குழந்தை பால் கக்கிவிட்டு இரண்டு மணி நேரம் அழுதது. பதினான்காம் நாள், நான் என் செடியைப் பார்த்துக்கொண்டு நின்ற நேரம், வேலிக்கு அப்பாலிருந்து கேட்டது.

"சட்டையைக் கழட்டுங்க."

"ஏன் புள்ள?"

"கழட்டுங்க எண்டா கழட்டுங்க. கச்சான் மணக்குது."

"வல்லாஹி நான் தின்னல்ல."

"மூணு நாளா மணக்குது. பச்சைப் புள்ளைர பேர்ல நேர்ந்திட்டு, கடைக்குப் பின்னால நிண்டு கொறிச்சிட்டு வாறீங்க. புள்ள ராவு பகலாக் கத்துது."

"பையைப் பாரு. ஒரு தோல் இரிக்கா?"

"போன வரிசம் தோலால புடிபட்டீங்க. இப்ப தோலையும் சேர்த்துத் தின்னுறீங்க."

காக்கா வாளியை வைத்துவிட்டு, செடியைத் தள்ளிக்கொண்டு எங்கள் பக்கம் வந்தார். என்னைக் கடந்து போய் முன் விறாந்தையில் உட்கார்ந்தார். "தம்பி, இண்டைக்கு இஞ்சதான் நோன்பு துறக்கிற" என்றார். மனைவி பேரீச்சம்பழமும் கஞ்சியும் கொண்டுவந்து வைத்தாள். பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழத்தை எடுத்து, பின்வாசல் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு வாயில் வைத்தார்.

நோன்பு துறந்த பின் அவர் என் காதருகே குனிந்தார்.

"தம்பி, ஒண்டு சொல்லட்டா? மறுகா ஒருத்தருக்கும் சொல்லாதீங்க. எனக்கே கச்சான் மணக்குது. கஞ்சி எடுத்திட்டு வரக்குள்ள பக்கத்தில ஆரோ வறுக்கிற மாதிரி. ஷைத்தானை நோன்புக்குக் கட்டிப் போட்டிரிக்கி எண்டுதானே சொல்ற. அப்ப இது ஆரு?"

எனக்கு மணம் தெரியாதென்று சொன்னேன். "குடுத்து வெச்ச மனிசன்" என்றார்.

இந்த இடத்தில் வாசகர் கேட்பார்: என் மனைவிக்கு மூக்கில்லையா? இருந்தது. அவளுக்கும் பின்வாசலில் கச்சான் மணந்திருக்கிறது. ராத்தா வீட்டில், பால் கொடுக்கிற மகளுக்கு வறுக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். அந்த மகளோ, சாச்சி வீட்டில், அதாவது எங்கள் வீட்டில், வறுபடுகிறது என்று நினைத்திருக்கிறாள். இரண்டு பேரும் கேட்கவில்லை. நோன்பு மாதத்தில் பகலில் ஒரு வீட்டுக் குசினியில் வாசம் வந்தால் எங்களூரில் ஏனென்று யாரும் கேட்பதில்லை. பெண்களுக்கு நோன்பு இல்லாத நாட்கள் உண்டு. கேட்டால் அவர்கள் பதில் சொல்ல வேண்டி வரும். ஆகவே மூக்கு அறிந்ததை வாய் விழுங்கிவிடும். முதல் நாளே யாராவது வேலியால் எட்டி "என்ன வறுக்கிறீங்க?" என்று கத்தியிருந்தால் சங்கதி ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். இது மரியாதையால் வந்த வினை.

பதினாறாம் நாள் ராத்தா என்னைக் கூப்பிட்டார். கண் வீங்கியிருந்தது.

"நீங்க பேப்பர்க்காரர்தானே. ஊருல உள்ள எல்லாரையும் புடிச்சி எழுதினீங்க. ஒரு நாள் அவர்ர பின்னால போய்ப் பார்த்துச் சொல்லுங்க. தின்னல்ல எண்டு நீங்க சொன்னா நான் நம்புவன். புள்ளைக்கு ஒண்டு ஆகிரும் எண்டு எனக்குப் பயமாக் கிடக்கு."

மறுநாள் சாறன் வாங்கும் சாக்கில் கல்முனைக் கடைக்குப் போய் உட்கார்ந்தேன். குறிப்புப் புத்தகம் எடுத்துப் போனேன், பழக்க தோஷம். நடுப்பகல் லுஹர் தொழுகைக்குப் போனார், கூடவே போனேன். கழிப்பறைக்குப் போனார், வெளியில் நின்றேன். மருதமுனையிலிருந்து வந்த நெசவுக்காரரோடு சாயத்தைப் பற்றி அரை மணி நேரம் வாதாடினார். பெருநாளுக்குச் சாறன் வாங்க வந்த பையன்கள் பதினொரு சாறனை விரிக்கவைத்து ஒன்றும் வாங்காமல் போனார்கள். காக்கா ஒரு கெட்ட வார்த்தையும் சொல்லவில்லை. பஸ் நிலையத்துப் பக்கம் கச்சான் வண்டி நின்றது. அதைப் பார்க்கக்கூடாதென்று எதிர்ப்பக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு, நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நடந்துபோனார். எச்சில் விழுங்கியதைத் தவிர வேறொன்றும் விழுங்கவில்லை.

அவரோடு ஊருக்கு வந்தேன். அவரோடு அஸர் தொழுதேன். வாளியின் ஒரு பக்கத்தை நான் பிடித்துக்கொள்ள, இருவருமாகச் செடியை நெருக்கித் தள்ளிக்கொண்டு ராத்தாவின் குசினி வாசலில் போய் நின்றோம்.

"மதினி, காலையில இருந்து நான் கூடவே இருந்தேன். ஒரு பருக்கை வாயில வைக்கல்ல. நான் சாட்சி" என்றேன்.

ராத்தா கிட்ட வந்தார். காக்காவின் பக்கம் முகர்ந்தார். பிறகு என் பக்கம் முகர்ந்தார். ஒரு எட்டுப் பின்னால் போனார்.

"ரெண்டு பேருமா?" என்றார்.

என் வாழ்நாளில் என்னை ஆளுங்கட்சி என்றிருக்கிறார்கள், எதிர்க்கட்சி என்றிருக்கிறார்கள். கச்சான் கள்ளன் என்று யாரும் சொன்னதில்லை. என் சட்டையை நானே தூக்கி மூக்கில் வைத்துப் பார்த்தேன். துணி தெரிந்தது. வேறொன்றும் தெரியவில்லை. காக்கா எட்டி என் தோளை முகர்ந்தார். அவர் முகத்தில் முதலில் அதிர்ச்சி, பிறகு சந்தேகம், பிறகு ஆழ்ந்த கவலை.

"தம்பி," என்றார் மெதுவாக, "எனக்குத் தராமத் திண்டீங்களா?"

அன்று இரண்டு குற்றவாளிகள் விறாந்தையில் நோன்பு துறந்தோம். மனைவி எங்களுக்குக் கஞ்சி ஊற்றினாள், ஆனால் என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் ராத்தா இருந்தார்.

வழக்கு உடைந்தது இருபதாம் நாள் காலை ஒன்பது மணிக்கு. உடைத்தது ராத்தாவின் மகள். குழந்தைக்கு வெயில் காட்ட வேலியோரம் கொண்டுவந்து நின்றாள். குழந்தையின் முகத்தில் ஈ ஒன்று சுற்றியது. விரட்டுவதற்கு என் செடியில் ஒரு கொப்பை ஒடித்து விசிறினாள். நான் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். விசிறிய கை நின்றது. இலையைக் கசக்கினாள், முகர்ந்தாள், இன்னொரு தரம் முகர்ந்தாள்.

"உம்மா! உம்மோய்! கெதியா வாங்க! கச்சான் மரம்!"

ராத்தா அகப்பையோடு ஓடிவந்தார். பாடசாலை விடுமுறையாதலால் என் மனைவியும் வந்தாள். கடைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த காக்கா பாதி பொத்தான் போட்ட சட்டையோடு வந்தார். மகள் ஒவ்வொருவர் மூக்கிலும் இலையை வைத்தாள். கருவண்டு மட்டும் இரைந்துகொண்டிருந்தது.

பிறகு ராத்தா என்ன செய்தாரென்றால், அகப்பையை வேலியில் செருகிவிட்டு, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, செடிக்குள் தோளைக் கொடுத்து எங்கள் பக்கம் வந்தார். திரும்பி அதே வழியால் அந்தப் பக்கம் போனார். தம் முக்காட்டின் நுனியை எடுத்து முகர்ந்தார்.

"அல்லாவே" என்றார்.

"ஆ!" என்றார் காக்கா. ஆறு நாள் கோபமும் அந்த ஓர் எழுத்தில் இருந்தது. "இப்ப ஆருகா கச்சான் திண்ட? காலங்காத்தால, நோன்போட! தோலையும் சேர்த்தா திண்டீங்க?"

ராத்தா சிரிக்கத் தொடங்கினார். வேலிக்கம்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், பிறகு அப்படியே மணலில் உட்கார்ந்து சிரித்தார். நடுவில் அழுதார், அதுவும் சிரிப்புக்குள் போய்விட்டது. மகள் சிரித்தாள், மகளின் நெஞ்சு குலுங்கியதில் குழந்தை கண் விழித்து அழ, எட்டு நாளில் முதல் தடவையாக அந்த அழுகையைக் கேட்டு ராத்தா பயப்படவில்லை.

"இது மணக்கும் எண்டு உங்களுக்குத் தெரியாதா?" என்று மனைவி என்னிடம் கேட்டாள்.

உள்ளே போய் அந்தக் குறிப்பைத் தேடி எடுத்தேன். கடைசிப் பந்தி. இலையைத் தொட்டாலே வறுத்த நிலக்கடலை வாசம் வீசும் என்று எழுதியிருந்தது. மனைவி அதைச் சத்தமாக வாசித்துக் காட்டினாள். இரண்டு தரம்.

பின்னேரமாவதற்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. லுஹருக்குப் பிறகு ஆட்கள் வந்தார்கள், வரிசையில் நின்று இலை கசக்கினார்கள். எனக்கு மணம் தெரியாதபடியால் ஒவ்வொருவரிடமும் வாக்குமூலம் வாங்கினேன். சூட்டு மணலில் கச்சான் வறுக்கிற மணம் என்றார் ஒருவர். சோளப்பொரி என்றது ஒரு பிள்ளை. நனைந்த ஆடு என்றார் ஒருவர்; அவர் ஆட்டு வியாபாரி. தின்னக் கூடாத இலை, வயிற்றைக் கலக்கும் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். நோன்போடு இதை மணப்பது கூடுமா என்று ஒருவர் கிளப்பினார். இரண்டு கட்சி ஆனார்கள். கடைசியில் மௌலவியையே கூட்டிவந்தார்கள். அவர் இலையைக் கசக்கி, கண்ணை மூடி, நீண்ட மூச்சாக இழுத்தார். எல்லாரும் காத்திருந்தோம். இன்னொரு இலை கேட்டார். அதையும் இழுத்தார்.

"மணக்கிறதால நோன்பு முறியாது," என்றார், "எண்டாலும் நோன்பைத் துறந்துபோட்டு வந்து மணங்க. மனிசன் பாவம்."

அன்று அஸருக்குப் பின் காக்கா கஞ்சி வாளியோடு வந்தார். பழக்கத்தில் விறாந்தைப் பக்கம் திரும்பினார். வேலி இடைவெளியில், செடிக்கு நடுவில், ராத்தா நின்றார். கையில் ஒரு தட்டு. அதில் பேரீச்சம்பழம் ஆறு.

"ஆறு நாளைக்கும்" என்றார். "உள்ளுக்கு வாங்க."

காக்கா சட்டையெல்லாம் செடியில் உரசிக்கொண்டு போனார். வேண்டுமென்றே உரசினார் என்பது என் கணிப்பு. முப்பது நோன்பும் பிடித்தார். குழந்தை பெருநாளன்று, அவர் கடையில் எடுத்த சிறிய பட்டுத் துண்டில், யாரையும் மதிக்காமல் தூங்கியது.

இதோடு செய்தி முடிந்திருக்க வேண்டும். ஆனால் இம்முறை நான் கடைசிப் பந்தியை வெட்டுவதாக இல்லை.

பெருநாளுக்குப் பின் வருகிற ஆறு நோன்பையும் ராத்தா பிடித்தார். காக்காவும் உற்சாகத்தில் பிடிப்பதாக அறிவித்தார். மூன்றாவது நாள் அஸருக்குப் பின் எங்கள் முன் விறாந்தையில் வந்து என்னருகே உட்கார்ந்திருந்தார். மனைவி கதவருகே வந்து மூக்கைச் சுருக்கினாள்.

"கச்சான் மணக்குது."

"செடிதான் புள்ள" என்றார் காக்கா. "காத்து இஞ்சால அடிக்கி."

"ஓம் மச்சான்" என்று அவள் உள்ளே போய்விட்டாள்.

முற்றத்துத் தென்னைகளைப் பார்த்தேன். கடல்காற்று. ஓலைகள் எல்லாம் முன்னாலிருந்து பின்னால், வேலியை நோக்கி, என் செடியிருக்கும் பக்கமாகச் சாய்ந்திருந்தன. காக்காவைப் பார்த்தேன். நரைத்த தாடியில், உதட்டுக்கு ஒரு விரல் கீழே, மெல்லிய சிவப்பாய் ஒரு துணுக்கு ஒட்டியிருந்தது.

அவரும் என்னைப் பார்த்தார்.

"இந்த ஆறும் கடமை இல்லத்தானே தம்பி?" என்றார், மிகவும் தாழ்ந்த குரலில்.

"தாடியைத் துடைங்க காக்கா" என்றேன்.